ஓரளவு திருப்தி

“மிகவும் திருப்தி… ஓரளவு திருப்தி… ஓரளவு அதிருப்தி… மிகவும் அதிருப்தி.” இந்த நான்கையும் லொரெட்டா பெல்கி பாட்டாகவே இழுத்துச் சொல்வார். இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு இறங்கும்போது குரல் லேசாக ஒரு பள்ளத்தில் விழுந்து எழும். எந்தப் பதிலின் பக்கமும் சாயக் கூடாது என்பது எங்கள் கருத்துக் கணிப்புத் தொழிலின் முதல் விதி. அந்தப் பள்ளம் எதற்கு என்று கேட்டால், “நாலு படி எறங்கறோம், நடுவுல மூச்சு வாங்க வேணாமா?” என்பார்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பழைய செருப்புத் தொழிற்சாலை ஒன்றின் மாடியில் இருக்கிறது எங்கள் ஹால். வரிசையாகத் தடுப்புகள், தடுப்புக்கு ஒரு போன். எந்த எண்ணைக் கூப்பிடுவது என்பதைக் கம்ப்யூட்டர்தான் குலுக்கிப் போடும். எடுப்பவரிடம் கவர்னர் ஹேஸ்கலின் ஆட்சி எப்படி, மறுபடி அவருக்கே ஓட்டா என்று கேட்க வேண்டும். அந்தப் பேச்சுகளை இன்னொரு ஹெட்போனில் கேட்டு, கேள்வித்தாளில் இல்லாத சொல் வந்தால் குறித்துக்கொள்வது என் வேலை.

லொரெட்டா அதற்கு முன் பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தவர். திட்டுகிறவர்களைக் கண்டு மற்றவர்கள் ஒடுங்குவார்கள், இவர் நிமிர்வார். “ஹேஸ்கலா? எங்க வீட்டு நாய நிறுத்துங்க, அதுக்குப் போடறேன்!” என்று கடற்கரைப் பக்கத்து மீனவர் ஒருவர் கத்தினார். “நாய் பேரு பட்டியல்ல இல்லீங்களே. ‘மிகவும் அதிருப்தி’ன்னு குறிச்சுக்கட்டுமா?” அந்த மனிதர் சிரித்துவிட்டார். “சிரிச்சவன் போன வெக்க மாட்டான்” என்பது லொரெட்டாவின் அனுபவப் பாடம்.

அவருடைய காரின் பின்பக்கம் இன்றும் ஹேஸ்கலின் பெயர் ஒட்டியிருக்கிறது. போன தேர்தலில் மழையில் நனைந்து வீடு வீடாக ஏறி இறங்கியவர். ஆனால் போனில் அவர் குரலை வைத்து அதை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

வடக்கு மாவட்டத்து எண் திரையில் வந்தால் மட்டும் வாயிலிருக்கும் மிட்டாயைக் காகிதத்தில் துப்பிவிடுவார். அங்கே, காகித ஆலை இருந்த ஊரில், தம்பி ரோலண்ட் இருக்கிறான். ஹேஸ்கல் வந்தால் ஆலை மூடாது என்று அக்கா சொன்னார். மூடிவிடும் என்று தம்பி சொன்னான். ஹேஸ்கல் ஜெயித்தார். அடுத்த வசந்தத்தில் ஆலை மூடியது. அந்த வருஷம் நன்றித் திருநாள் விருந்தில் ரோலண்ட், “எல்லாம் உன் ஆளு பண்ணின வேல” என்றான். “ஒழைக்கத் தெரிஞ்சவன் வேற வேல தேடிப்பான்” என்று இவர் சொல்லிவிட்டார். தட்டை அப்படியே வைத்துவிட்டு மனைவி ரோஸைக் கூட்டிக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை. இவர் போன் செய்தால் பெயரைச் சொன்னதுமே வைத்துவிடுவான்.

“இந்த மெஷின் ஊரு ஒலகத்துக்கே போன் போடுது. ஒரு நாள் அவனுக்குப் போடாமலா போயிடும்?” என்று காப்பி இடைவேளையில் சொல்வார். அவன் எடுத்தால் என்ன பேசுவீர்கள் என்று கேட்டேன். “என்னத்த பேசறது? கொரல கேட்டாப் போதும்.”

போன வாரம் போட்டுவிட்டது.

“ஹலோ?” என்றது கரகரத்த ஒரு குரல். திரையில் வடக்கு மாவட்டத்து எண். தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். இரண்டு கைகளாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தார்.

“வணக்கம். என் பேரு… லொரெட்டா. மாநிலக் கருத்துக் கணிப்புக்காகப் பேசறேன். உங்களுக்கு நேரம் இருக்குமா?”

இந்த முறை அந்தப் பக்கம் போனை வைக்கவில்லை. பிறகு நாற்காலி ஒன்று இழுபட்டது. “ம். கேளுங்க.”

கவர்னரின் ஆட்சியைப் பற்றிக் கேட்டார். நான்கு பதில்களையும் படித்தார். அன்று பாட்டு இல்லை.

“ஓரளவு திருப்தி.”

“மன்னிக்கணும்… ஓரளவு அதிருப்தியா?”

“திருப்தின்னுதான் சொன்னேன். எழுதிக்குங்க.”

மறுபடி அவருக்கே ஓட்டா என்றதற்கு, “போட்டாலும் போடுவேன்” என்றான் ரோலண்ட். கேள்விகள் ஒவ்வொன்றாகப் போய், சொந்த விவரங்களுக்கு வந்தன.

“நீங்க கல்யாணமானவரா, விவாகரத்தானவரா, துணைய இழந்தவரா?”

“கடைசியா சொன்னீங்களே, அது.”

லொரெட்டா வாயைப் பொத்திக்கொண்டார். கையை எடுத்துவிட்டு அடுத்த கேள்வியைப் படித்தார். “வீட்டுல… உங்களையும் சேத்து எத்தன பேரு?”

“ஒருத்தன்.” பிறகு, “ரோஸ் போன பனிக்காலத்துல போயிட்டா. உனக்குச் சொல்லணும்னு போன எடுப்பேன். எடுத்து எடுத்துக் கீழ வெச்சுடுவேன்” என்றான்.

“இத்தோட கேள்விங்க முடிஞ்சுது. உங்க நேரத்துக்கு…” நன்றி என்ற சொல் லொரெட்டாவுக்கு வரவில்லை. “என்னடா சாப்பிடற?”

“டப்பா சூப்பு.”

“தெனமுமா?”

“பின்ன? யாரு இருக்கா?”

அத்தோடு போன் வைக்கப்பட்டது. எந்தப் பக்கம் முதலில் வைத்தது என்று எனக்குத் தெரியவில்லை. நான் எதையும் குறிக்கவில்லை.

வடக்கு மாவட்டத்தில் ஐம்பது தாண்டிய ஆண்கள் போனை எடுப்பதே அபூர்வம். பேட்டி முழுசாக முடிந்தது திரையில் தெரிந்ததும் பக்கத்துத் தடுப்பில் யாரோ கை தட்டினார்கள். லொரெட்டா நேராக என் மேசைக்கு வந்தார்.

“அத அழிச்சுடுங்க.”

“போட்டி ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்துல நிக்குது. வடக்குல ஆளே கிடைக்கல. உங்க கவர்னருக்குச் சாதகமான பதில் வேற.”

“சொந்தக்காரங்க பதில் செல்லாதுன்னு விதி இருக்கில்ல? விதிய விடுங்க. ஹேஸ்கல் பேரு போட்ட பலகையப் பிடுங்கி அடுப்புல வெச்சவன் அவன். ‘மிகவும் அதிருப்தி’க்குக் கீழ இன்னொரு படி இருந்தா அதுல ஒக்காந்திருப்பான். எம்பேரக் கேட்டதும் ‘ஓரளவு’ன்னுட்டான். அது ஹேஸ்கலுக்குச் சொன்ன பதில் இல்லீங்க.”

நான் அழித்தேன். அந்த வாரப் பத்திரிகையில் ஹேஸ்கலும் எதிர்வேட்பாளரும் சமநிலை என்றே வந்தது.

அன்று மீதி நேரத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, லொரெட்டா கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினார். வெளியே மழை. ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவருடைய கார் வாசல் விளிம்பில் வந்து நின்றது. அவர் வீட்டுக்குப் போகும் தெற்குச் சாலையைக் காட்டி அதன் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. சாலையில் வண்டியே இல்லை. ஆனாலும் கார் நகரவில்லை. பிறகு அந்த விளக்கு அணைந்தது. வடக்குப் பக்கத்து விளக்கு சிமிட்டத் தொடங்கியது.