ஏரிக்கரைப் படக்காரி

படகுகளை இறக்கும் சிமென்ட் சரிவில் குப்பைப் பையை விரித்து, அதன்மேல் குப்புறப் படுத்திருக்கிறார் வெர்னா ஹாலோரன். விடிந்தும் விடியாத நேரம். லென்ஸின் நுனி ஏறக்குறையத் தண்ணீரைத் தொடுகிறது. எதிரே ஒரு கூழைக்கடா, அலகில் சிக்கிய தூண்டில் நரம்பை உதறிக்கொண்டிருக்கிறது. பின்னால் யாரோ நாயுடன் வரும் சத்தம். வெர்னா திரும்புவதில்லை. "காலைத் தேய்க்காம நட. போயிடும்," என்று தண்ணீரைப் பார்த்தே சொல்கிறார். காலை வணக்கமெல்லாம் பறவை போன பிறகுதான்.

கொரிங்கல் ஏரிக்கரையில், வெளியூர்க்காரர்கள் வண்டிவீடுகளோடு வந்து தங்கும் கேரவன் பூங்காவில் அவருக்குச் சலவை வேலை. ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கித் தோள் இறுகிவிட்டதால், அந்தக் கனத்த லென்ஸைத் தாங்கி இல்லாமலே ஆடாமல் பிடிப்பார். சட்டைப் பையில் எப்போதும் துணி கிளிப்புகள். படத்தை மறைக்கும் நாணலை ஒடிக்கமாட்டார்; பக்கத்து நாணலோடு சேர்த்துக் கிளிப் போடுவார், எழுந்ததும் கழற்றிவிடுவார்.

பறவை கிடைக்காத நாளில் மனிதர்கள். கறிக்கடைக்காரர் கண்ணாடி துடைப்பது, ஆட்டத்தில் தோற்ற பையன்கள் காரின் பின்புறம் உட்கார்ந்து ஆரஞ்சு உரிப்பது, புல்தரையில் பந்து உருட்டும் கிழவர்கள் யார் பந்து கிட்டே என்று நாடா வைத்து அளந்து சண்டை போடுவது. எல்லாமே ஊரின் ஃபேஸ்புக் பக்கத்துக்குப் போகும். கீழே இடம், நாள். வேறு ஒரு சொல் இருக்காது.

"வெர்னா, என்னோட நல்ல பக்கமாப் பாத்து எடு," என்பார் யாராவது.

"எந்தப் பக்கம்னு நீயே சொல்லு. எனக்கு இத்தனை வருஷமா தெரியலை."

படங்கள் பிரமாதம் என்று சொல்லமாட்டேன். வானம் பாதிக்கு மேல் வீணாகும். பறவை எப்போதும் நட்டநடுவில் நிற்கும். ஆனால் முகங்கள் சரியாக இருக்கும். இந்த ஊரில் ஒருவர் இறந்தால் வீட்டார் முதலில் பாதிரியாரைக் கூப்பிடுவார்கள், அடுத்து வெர்னாவை. சவப்பெட்டியின்மேல் வைக்க ஒரு படம் அவரிடம் நிச்சயம் இருக்கும். "சிரிச்ச மாதிரி வேணுமா, அவரு மாதிரி வேணுமா?" என்று கேட்பார்.

சென்ற மார்ச்சில், வாத்து வேட்டை தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, தெற்குக் கரை நாணலில் புள்ளி வாத்துகளைப் படம் எடுத்தார். சுடக்கூடாத அரிய இனம். அவை தங்கும் ஏரியில் வேட்டையையே நிறுத்திவிடுவார்கள் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வேட்டைக்காரர்கள் வந்து தங்கும் அந்த வார இறுதியை நம்பித்தான் மதுக்கடையும் கேரவன் பூங்காவும் குளிர்காலத்தைத் தாண்டுகின்றன. வெர்னா வழக்கம்போலப் படத்தைப் போட்டார். வழக்கம்போல இடமும் நாளும் எழுதினார்.

அன்று மதியமே ராஸ் டுல்லி சலவை அறைக்கு வந்தார். வெர்னாவோடு பள்ளியில் படித்தவர். ஊர் வேட்டைக்காரர்களின் தலைவர்.

"அதை எடுத்துடு, வெர்னா. யாரும் பாக்கலைன்னு வெச்சுக்குவோம்."

"நான் பாத்துட்டேனே, ராஸ்."

"பாத்தா? தம்பட்டம் அடிக்கணுமா? புள்ளி வாத்து எது, மத்தது எதுன்னு தெரியாம சுட நாங்க என்ன குருடா?"

"எனக்கே கேமராவுல பெருசாக்கிப் பாத்தப்புறம்தான் தெரிஞ்சுது."

"அப்ப உனக்கு வாத்துதான் முக்கியம். நாங்க இல்ல."

வெர்னா இயந்திரத்திலிருந்து போர்வையை இழுத்துக்கொண்டே, "உங்களையும்தானே எடுத்துப் போடறேன்," என்றார். ராஸ் கதவைச் சாத்தாமல் போனார்.

நகரத்தில் யாரோ அந்தப் படத்தை அதிகாரிகளுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏரியில் வேட்டைக்குத் தடை வந்தது. பூங்கா காலியாகக் கிடந்தது. துவைக்கப் போர்வை இல்லை. வாத்துகளும் ஒரே வாரத்தில் எங்கோ பறந்துவிட்டன. போன இடத்தில் சுட்டார்களா, விட்டார்களா, யாருக்கும் தெரியாது.

கண்ணில் பட்டதை மறைக்கக்கூடாது என்று சொல்வது எளிது. சொல்லிவிட்டு, மறுநாள் அதே கடையில் ரொட்டி வாங்க நிற்பது வேறு. வெர்னாவைக் கண்டதும் கறிக்கடைக்காரர் துணியைக் கண்ணாடியிலேயே விட்டுவிட்டு உள்ளே போகிறார். பந்து உருட்டுகிறவர்கள் முதுகைக் காட்டுகிறார்கள். "முதுகையும் எடுத்து வெக்கறேன்," என்கிறார் வெர்னா. "செத்தா உதவும்."

ஆகஸ்டில் ராஸ் மாரடைப்பில் இறந்தார். அவர் மனைவி மெரில் வெர்னாவைக் கூப்பிடவில்லை. இரண்டு நாள் போனைக் கையிலேயே வைத்திருந்துவிட்டு, வெர்னா தானாகவே ஒரு படத்தை அச்சிட்டார்: தகரப் படகில் ராஸ், நாயின் காதை மடித்துப் பிடித்தபடி, சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்ற முகம். உறையில் போட்டு மெரிலின் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தார்.

இறுதிச் சடங்கில் பெட்டியின்மேல் வைத்திருந்தது வேறு படம். ஓட்டுநர் உரிமத்திலிருந்து பெரிதாக்கியது. கண்கள் எங்கேயோ வெறித்திருந்தன. அதைப் பார்த்தபடி வெர்னா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

தேநீர் முடிந்து, குடும்பத்தாரும் நண்பர்களும் ஊர்க் கூடத்தின் வாசற்படிகளில் படத்துக்காகச் சேர்ந்து நின்றார்கள். படிகளின் அடியில் ஓரமாக நின்ற வெர்னா, பழக்கத்தில், வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்தார். கை தானாகவே கேமரா பையின் ஜிப்பைப் பாதி திறந்துவிட்டது. ராஸின் மகள் அவரைத் தாண்டிப் போய், சவ ஊர்தி ஓட்டி வந்தவரிடம் தன் போனை நீட்டினாள்.

"நீங்க எடுங்க. எல்லாரும் வரணும்."

ஓட்டுநர் சில அடி பின்னுக்கு நகர்ந்து போனை உயர்த்தினார். அந்தச் சின்ன லென்ஸ் பக்கவாட்டில் எதுவரை எட்டும் என்று வெர்னாவுக்குத் தெரியும். ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, அது எட்டாத இடம்வரை சுவரோரமாக நகர்ந்து நின்றுகொண்டார்.