சின்னதாகத் தெரிந்த படகு

போன வருடம் பொங்கல் கழிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி இருக்கும். சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் கடற்கரையில் ஈர மணலில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். கையில் கேமரா, அதில் வாடகைக்கு எடுத்த லென்ஸ். மாலைக்குள் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

விற்பனைக்கு வரும் ஃபிளாட்டுகளைப் படம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. வீடு கிழக்கு தாம்பரத்தில். மேடவாக்கம், கோவிலம்பாக்கம் பக்கமெல்லாம் ஸ்கூட்டரில் சுற்றுவேன். சின்ன பெட்ரூமில் கட்டிலும் பீரோவும் போட்ட பிறகு எனக்கு நிற்க இடம் இருக்காது. கதவோடு ஒட்டிக்கொண்டு எடுத்தாலும் பாதி அறைதான் படத்தில் விழும். அல்ட்ரா வைட் லென்ஸ் இருந்தால் மூலையில் நின்றபடியே மூன்று சுவரையும் ஒரே படத்தில் கொண்டுவந்துவிடலாம்.

பழைய கேமராவைக் கொடுத்துவிட்டு அப்போதுதான் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு மாறியிருந்தேன். பழைய கேமராவின் வைட் லென்ஸை இதில் போட்டால் படத்தின் நாலு மூலையும் கறுத்துப் போனது. புதிதாக வாங்கியே ஆக வேண்டும். எனக்குப் பிடித்தவை இரண்டு. பதினாலு மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று. நிறைய இடத்தை விழுங்கும், ஆனால் முன்கண்ணாடி முட்டை மாதிரி பிதுங்கி நிற்கும், கீறல் விழாமல் காப்பாற்றுவதே பெரிய பாடு. இன்னொன்று பதினாறிலிருந்து முப்பத்தைந்து வரை போகும் ஜூம். கொஞ்சம் குறைவாகக் காட்டும், ஆனால் பல வேலைக்கு ஆகும். இரண்டு மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். சின்ன அறையில் ஒரு ஜன்னல் முழுசாக வருமா, பாதி வருமா என்பது அதில்தான் இருக்கிறது.

மூன்று வாரமாக இதே கவலை. சமைக்கும்போதும் ஃபோனில் யாராவது இந்த லென்ஸ்களை ஒப்பிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் இது என்பார், அடுத்தவர் அது என்பார். முன்பு ஒரு தடவை அவசரப்பட்டு வாங்கிய லென்ஸ் பீரோவில் சும்மா கிடக்கிறது. "எதையாவது வாங்கு, ஆனா ஒரே தடவை வாங்கு" என்று என் கணவர் சொன்னதிலிருந்து பயம் இன்னும் கூடிப் போனது. கடைசியில் இரண்டையும் இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்தேன். சனிக்கிழமை ஒரு காலி ஃபிளாட்டில் எடுத்துப் பார்த்தேன். முடிவுக்கு வர முடியவில்லை. வெளிவெளிச்சத்தில் பார்த்தாலாவது தெளியும் என்றுதான் ஞாயிறு விடியும் முன்பே வண்டலூர் வழியாகக் கோவளத்துக்குக் கிளம்பினேன்.

படகுகள் மீனோடு திரும்பிவரும் நேரம். ஃபைபர் படகுகள் எஞ்சினை முடுக்கி, ஒரு அலையின் முதுகில் ஏறி, அதே வேகத்தில் மணலில் வந்து ஏறும். அதைத் தண்ணீர் ஓரத்தில், தாழ்வாக உட்கார்ந்து எடுக்க ஆசைப்பட்டேன். முன்னால் நுரை, அதற்குப் பின்னால் பாய்ந்து வரும் படகு. பதினாலை மாட்டிக்கொண்டு கண்ணை வைத்தேன்.

படகு கட்டைவிரல் நகம் அளவுக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் கிட்ட வரட்டும் என்று காத்திருந்தேன். கொஞ்சம் பெரிதானது, ஒரு படம் எடுத்தேன். இன்னும் போதாது என்று தோன்றியது. எஞ்சின் சத்தம் மட்டும் காதுக்குள்ளேயே ஓடுகிற மாதிரி இருந்தது. பின்னால் யாரோ கத்துவதும் கேட்டது. மீன் ஏலத்தில் கத்துகிறார்கள் என்று நினைத்தேன். காது கிட்டே என்றது, கண் தூரம் என்றது. நான் கண்ணைத்தான் நம்பினேன்.

திடீரென்று வெளிச்சம் மறைந்தது. கேமராவை இறக்கினால் எதிரே படகு, ஒரு ஆள் உயரத்துக்கு. அதற்குப் பிறகு எல்லாமே ஒரு மூச்சுக்குள் நடந்தது. படகின் பின்பக்கம் நின்று எஞ்சினைப் பிடித்திருந்தவர் என்னைப் பார்த்து அதைச் சட்டென்று ஒரு பக்கமாக வளைத்தார். படகு பக்கவாட்டில் திரும்பியது. அடுத்த அலை அதைத் தூக்கி அடித்தது. என் தோளுக்கு ஒரு முழம் தள்ளிப் படகின் பக்கம் மணலை உரசிக்கொண்டு போனது. நான் மல்லாந்து தண்ணீரில் விழுந்தேன். எழுந்து பார்த்தால், எஞ்சினைப் பிடித்திருந்தவர் கீழே விழுந்து கிடந்தார். அவருடைய வலது கால் படகுக்கும் மணலுக்கும் நடுவில்.

கூட இருந்த இரண்டு பேரும் கரையில் நின்றவர்களுமாகச் சேர்ந்து படகைத் தூக்கி அவரை இழுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே தோல் வழன்று ரத்தம் வந்தது. காலை ஊன்றப் பார்த்தார், முடியவில்லை.

மீன் வாங்கிப்போகக் கூடையோடு காத்திருந்த அவர் மனைவி ஓடிவந்தார். முதலில் கணவர் காலைப் பார்த்தார், பிறகு என்னை. "எத்தினி பேரு கத்துனோம்? காது இன்னா அடைச்சிக்கினு இருந்துச்சா உனக்கு? போட் வர்றது தெரிஞ்சும் போட்டோக்காக குந்திக்கினு கீறியே" என்றார். "தூரமா தெரிஞ்சுதுக்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் நம்பவில்லை. நானே அவர் இடத்தில் இருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். உடம்பெல்லாம் ஈரமும் மணலும். வாடகை லென்ஸ் நனைந்து போயிருந்தது. மூன்று வாரமாக அதைத் தவிர வேறு எதையும் நினைக்காதவள், ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேரும் வரை அதை நினைக்கவே இல்லை.

அவரை எக்ஸ்ரேவுக்கு அழைத்துப் போனார்கள். நானும் அந்த அக்காவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடைவெளி. எலும்பு உடைந்திருந்தால்? ஆபரேஷன் என்றால்? இனிமேல் கடலுக்கே போக முடியாமல் போனால்? அந்தக் கால் போனால் அந்த வீட்டுக்கு என்ன கதி? எக்ஸ்ரே அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். வேறு யாராவது வெளியே வந்தால் உட்கார்ந்தேன். இதையே எத்தனை தடவை செய்தேனோ.

என்னை உறுத்தியது இன்னொன்று. அந்த மாதிரி லென்ஸ் கிட்டே இருப்பதைத் தள்ளிக் காட்டும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? அதை வைத்துத்தானே பிழைக்கிறேன். பத்தடி ஹாலைக் கல்யாண மண்டபம் மாதிரி காட்டியிருக்கிறேன். வீடு பார்க்க வந்தவர்கள் "போட்டோல பெரிசா இருந்துச்சே" என்று இழுப்பதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். ஊருக்கெல்லாம் அப்படிக் காட்டியவள், அதே மாதிரி லென்ஸ் எனக்குக் காட்டியதை அப்படியே நம்பினேன்.

அந்த அக்கா என் பக்கம் திரும்பினார். "அப்டி இன்னாத்த எடுத்த, காட்டு."

கேமராவைப் பையிலிருந்து எடுத்தேன். நல்லவேளை, அது உயிரோடு இருந்தது. கடைசிப் படத்தைக் காட்டினேன். நுரைக்கு அப்பால் தூரத்தில் பொம்மை மாதிரி ஒரு படகு. அதில் அவர் கணவர் தீக்குச்சி உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தார். அக்கா ரொம்ப நேரம் அதையே பார்த்தார். கேமராவை வாங்கித் தன் கண்ணில் வைத்து எதிர்ச் சுவரைப் பார்த்தார். கேமராவை எடுத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார். மறுபடி வைத்தார்.

"ஆமா. இதுல தூரமா தான் கீது" என்றார். பிறகு, "நீ வேணும்னு குந்தினு இருக்கலனு தெரியுது. ஆனா கடலாண்ட வந்து இந்தப் பொட்டிய நம்பிக்கினு இருப்பியா?" என்றார்.

அப்போதுதான் அழுகை வந்தது. அக்கா நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் என் கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டார். இன்னும் கோபம் போகவில்லை, முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. ஆனாலும் தட்டிவிட்டார்.

எலும்பு உடையவில்லை. தசைநார் இழுபட்டிருந்தது. கட்டுப் போட்டு, இரண்டு வாரம் கடலுக்குப் போகக்கூடாது என்றார்கள். அவர் நொண்டிக்கொண்டு வெளியே வந்ததும் நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவருக்கு அது சங்கடமாக இருந்தது போல. "இன்னொரு தபா வந்தா கல்லு கொட்டிக் கீறாங்கல்ல, அது மேல ஏறி நின்னு எடும்மா. அங்க போட் வராது" என்றார். நான் மறுபடி வருவேன் என்று அவராகவே வைத்துக்கொண்டு பேசியது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

ஆஸ்பத்திரியில் ஆக வேண்டியதை நான் பார்த்துக்கொண்டேன். அவர் இடத்தில் அவருடைய தம்பி கடலுக்குப் போனார். தினமும் அக்காவுக்கு ஃபோன் செய்வேன். வீக்கம் வடிந்ததா, நடக்கிறாரா என்று கேட்பேன். சில நாள் எடுக்க மாட்டார். அன்றைக்கெல்லாம் எனக்கு வேலையே ஓடாது. பதினைந்தாவது நாள் அக்காவே கூப்பிட்டார். "இன்னிக்கு கடலுக்கு போயிட்டாரு" என்றார். "திரும்பி வந்துட்டாராக்கா?" என்றேன். "மீனே வித்து முடிச்சாச்சு" என்று சிரித்தார். அதன் பிறகுதான் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

லென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். நனைந்த பதினாலை வாடகைக் கடைக்காரரிடம் நடந்ததைச் சொல்லி ஒப்படைத்து, சுத்தம் செய்யும் செலவைக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து ஜூமை வாங்கினேன். பதினாலு மோசம் என்பதால் இல்லை. ஜன்னல் பாதிதான் வந்தால் வரட்டும், இருக்கிற அறையை இருக்கிற மாதிரி காட்டினால் போதும் என்று ஆகிவிட்டது. ஏஜென்ட்டுகள் சிலர் "இன்னும் பெரிசா காட்டலாமே மேடம்" என்கிறார்கள். முடியாது என்று சொல்லப் பழகிவிட்டேன்.

இப்போதும் கேமராவைக் கண்ணில் வைத்தால் ஒரு பயம் எழும். உடனே கேமராவை இறக்கி, எதிரே இருப்பது நிஜத்தில் எவ்வளவு கிட்டே இருக்கிறது என்று வெறும் கண்ணால் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். அந்தப் பயம் என்னை விட்டுப் போக வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன், என்னைக் காப்பாற்றப்போய் ஒருவர் காலில் அடி வாங்கினார் என்பதை எனக்கு நினைவூட்ட அது ஒன்றுதான் இருக்கிறது.