மஞ்சள் கோட்டுக்கு அப்பால் ஒரு கட்டில்

என் தங்கை கணவரின் பதினாறாம் நாள் காரியத்தன்று, பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் அமர்ந்திருந்த உறவினர் ஒருவர் பக்கத்து இலைக்காரரிடம் தணிந்த குரலில் சொன்னார்: "பிள்ளைப்பாக்கம் வூட்டு விசயத்துல மாப்ள நல்லா வெளையாடிட்டாரு. ஆள் சேத்து வுட்டு கமிசன் வாங்கிக்கினாரு." இறந்தவர் மறுமொழி கூற இயலாது. அங்கு நிகழ்ந்ததை உடனிருந்து கண்டவன் என்ற முறையில் இதை எழுதிவைக்கக் கடமைப்பட்டுள்ளேன். அவரை நானும் ஐயுற்றவன்தான். அந்த ஐயம் இன்றும் முற்றாக அகன்றுவிடவில்லை. ஆயினும், ஐயுற்றது வேறு, கண்டது வேறு. இரண்டும் ஒன்றாகக் கலந்து உறவினர் வாயில் உலவுவது முறையன்று.

மாப்பிள்ளை என்றே அவரை நான் அழைப்பேன். ஒரகடத்தில் ஒரு மகிழுந்துத் தொழிற்சாலையின் இறுதிச் சோதனைப் பிரிவில் பணியாற்றினார். முடிக்கப்பட்ட வண்டி அவர்முன் வந்து நிற்கும். கதவுக்கும் உடற்பகுதிக்கும் உள்ள இடைவெளி எங்கேனும் மயிரிழை மாறியிருந்தாலும் நின்ற இடத்திலிருந்தே கண்டுவிடுவார் என்பது அவருடன் பணிபுரிந்தோர் ஒப்பிய செய்தி. வல்லம் வடகாலில் வாடகை வீட்டிலேயே அவர்கள் இல்வாழ்க்கை கழிந்தது. ஆதலால், பிள்ளைப்பாக்கத்தை அடுத்து ஒரு மனைப்பிரிவில் வீடு கட்டித் தருகிறார்கள் என்று அவர் ஆர்வத்தோடு பேசத் தொடங்கியதில் வியப்பில்லை. தம்மோடு பணிபுரிவோர் பலரிடமும் அவர் அதைப் புகழ்ந்திருந்தார் என்பதுதான் எனக்கு உறுத்தியது. "அண்ணன் பாத்து ஓகே சொல்ட்டா அப்பறம் இன்னா பாக்குறது" என்று அவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி பிடித்து வருவதாக இருந்தனர். அதற்கு முன்பே என் தங்கையையும் என்னையும் அவர் அழைத்துச் சென்றார்.

அங்கே பார்வைக்கெனக் கட்டிவைத்திருந்த மாதிரி வீட்டின் கூடம் இயல்பாக இருந்தது. படுக்கையறையோ வாயிலில் நின்றவரை மூச்சடங்க வைத்தது. அவ்வளவு சிறிய மனையில் அத்துணை நீண்ட அறை எவ்வாறு அமைந்தது என்று நான் திகைத்தேன். கோடியில் ஒரு கட்டில், அதனருகே அலமாரி, அதற்கப்பால் வெண்திரையிட்ட சன்னல். விற்பனை மேலாளரான இளைஞர் மிகப் பணிவானவர். அந்தப் பணிவே எனக்குப் பிடிக்கவில்லை. மாப்பிள்ளையை மட்டும் அவர் "வாங்கண்ணே" என்று கைபற்றி அழைத்ததும், எங்களுக்கு முன்பாக அவருக்கு இளநீர் நீட்டியதும் என் கண்ணுக்குத் தப்பவில்லை. இன்னொன்றும் கண்டேன்: இத்தனை விளக்கம் சொன்ன மேலாளர் ஒருமுறைகூட அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை.

அறை வாயிலின் உட்புறத் தரையில் குறுக்காக ஒரு மஞ்சள் நாடா ஒட்டப்பட்டிருந்தது. மாப்பிள்ளை அதன் விளிம்பில் கால்விரல்களை நிறுத்தி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவர் பணியிடத்து ஒழுங்கு அது: மஞ்சள் கோட்டைத் தாண்டக்கூடாது, வண்டியின் மேல் கை படக்கூடாது, நின்ற இடத்திலிருந்து கண்ணால் மட்டுமே பார்க்கவேண்டும். எங்களுக்கு முன் வந்திருந்த தொழிற்சாலை இளைஞர் இருவரும் அவ்வாறே நின்று பார்த்துவிட்டு, அவ்வாறே திரும்பிப் போனார்கள். ஒருவருக்கும் உள்ளே போகத் தோன்றவில்லை.

என் தங்கை எந்தத் தொழிற்சாலையிலும் பணியாற்றியவள் அல்லள். "காத்து வருதான்னு பாக்குறேன்" என்று சொல்லிக் கோட்டைக் கடந்து நேரே சன்னலுக்குப் போனாள். போகப் போக அவள் வளர்ந்தாள். வேறு சொல் எனக்குக் கிட்டவில்லை. நடுத்தர உயரமே உடைய என் தங்கை, அலமாரியின் அருகே நின்றபோது அதன் உச்சி அவள் தோளளவே இருந்தது. தரையை உற்று நோக்கினேன். வாயிலருகே பெரிதாக இருந்த ஓடுகள் கோடிக்குச் செல்லச் செல்லச் சிறுத்திருந்தன. கட்டில், அலமாரி, சன்னல் அனைத்தும் அளவு குறைத்துச் செய்யப்பட்டவை. அருகிலிருக்கும் சிறிய பொருளைத் தொலைவிலிருக்கும் பெரிய பொருளாக நம் கண் எடுத்துக்கொண்டது. அவ்விடத்தில் ஓர் ஆள் நின்றதும் அந்த மயக்கு கலைந்தது.

"மேடம், அது டிஸ்ப்ளேக்கு வச்சது, உக்காராதீங்க!" என்று மேலாளர் கூவினார். அதற்குள் அவள் கட்டிலில் அமர்ந்துவிட்டாள். முழங்கால் மார்புக்கு ஏறியது. "இன்னாங்க, தொட்டில்ல குந்தினா மாதிரி கீது!" என்று சிரித்தாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. கைகளையும் அவிழ்க்கவில்லை.

திரும்பும் வழியில், பேருந்தில் தங்கை முன்னிருக்கையில் அமர்ந்த பின், நான் நேராகவே கேட்டேன்: "மாப்பிள்ளை, இது உமக்கு முன்பே தெரியுமா?" அவர் சன்னலுக்கு வெளியே நோக்கியவாறு, "மச்சான், நான் பாஸ் பண்ண வண்டி இதுவரைக்கும் திரும்பி வந்ததில்ல" என்றார். வினாவுக்கு அது விடையாகாது. மயிரிழை காணும் கண்ணுக்கு ஓர் அலமாரியின் குறை தெரியாமற் போகுமா என்று என் மனம் துருவியது.

அந்த ஞாயிறன்று நானும் போனேன். அவரைக் கண்காணிக்கவே போனேன். அவருடைய சகாக்கள் வண்டியிலிருந்து இறங்கி, வாயிலில் மஞ்சள் நாடாவின் பின்னே ஒழுங்காக அணிவகுத்தனர். "செம பெருசுண்ணே!" என்றான் ஒருவன். மாப்பிள்ளை செருப்பைக் கழற்றினார். கோட்டைத் தாண்டினார். நேரே சென்று அந்தக் கட்டிலில் மல்லாந்து படுத்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் கட்டிலுக்கு வெளியே தொங்கின.

திருநெல்வேலிப் பக்கத்து இளைஞன் ஒருவன், "ஏ அண்ணே, கட்டில் சுருங்கிட்டா, நீங்க நீண்டுட்டியளா?" என்று கேட்க, வெடித்தது சிரிப்பு. "சிரிங்கடா" என்றார் மாப்பிள்ளை, படுத்தபடியே. "ஓகேன்னு உங்க கிட்ட சொன்னவன் நான்தான். இப்ப நானே ரிஜெக்ட் பண்றேன். கோட்டத் தாண்டி உள்ள வந்து பாருங்க." மேலாளர் இரைந்தார், யாரும் செவிசாய்க்கவில்லை. ஒவ்வொருவராக உள்ளே வந்தனர். அவர்கள் வர வர அறை சிறுத்தது. அன்று அவர்களில் ஒருவரும் வீட்டுக்கு விலை பேசவில்லை. மாப்பிள்ளையும் அதன்பின் வாடகை வீட்டிலேயே இருந்து, அங்கேயே மறைந்தார்.

கண்டது இவ்வளவே. ஐயம் ஒன்று எஞ்சியிருக்கிறது. தொழிற்சாலை ஆட்கள் மஞ்சள் கோட்டின்முன் தாமாகவே நின்றுவிடுவர் என்பதை அந்த மேலாளருக்கு எவரோ சொல்லியிருக்கவேண்டும். இதைத் தங்கையிடம் படித்துக் காட்டி, அந்த வரியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும்ணா. அவரே சொல்லிக் குடுத்திருந்தாலும், அத்தினி பேரு எதிர்ல படுத்துக் காட்னதும் அவருதான?" என்றாள்.

ஆகவே எடுக்கவில்லை. அந்த மனைப்பிரிவில் பணிபுரிந்தவரோ, அந்த ஞாயிறன்று அறைக்குள் வந்தவரோ இதைப் படிக்க நேர்ந்தால், நான் பிழைபடக் கூறியவற்றைத் திருத்தித் தருமாறு வேண்டுகிறேன். அந்த நாடாவை ஒட்டச் சொன்னவர் யார் என்று அறிந்தவர் அதையும் சொல்லலாம். என்னிடம் தனியே சொல்ல வேண்டியதில்லை. தங்கை இருக்கும்போதே சொல்லலாம்.