முன்வளவுக் கொடியில் நீலச் சட்டை

எனக்கு மூத்தவளான ராத்தாவுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத ஒரு காலையில், எங்கள் வீட்டு முன்வளவில் மாமரத்துக்கும் மதிலுக்கும் இடையே கட்டியிருந்த கொடியில் ஒரு நீலச் சட்டை தொங்கியது. அது அடுத்த ஊர் ஹொக்கிக் கழகத்தின் சட்டை. அதற்குப் பக்கத்தில் என்னுடைய பச்சைச் சட்டை. நான் எங்கள் ஊர்க் கழகத்தின் கோல் காப்பாளன். அந்த இரண்டு கழகங்களுக்கும் இறுதிப் போட்டிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. தெருவால் போனவர்கள் சைக்கிளை மெதுவாக்கி, மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, ஒன்றும் பேசாமல் போனார்கள். பேசாமல் போனதுதான் வாப்பாவைச் சுட்டது. வாப்பா எங்கள் கழகத்தின் தலைவர். பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றவர், ராத்தாவைக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"புள்ள, அதப் பின்னால காயப்போடு. எங்கட ஊராக்கள் பாத்தா என்ன நினைப்பாங்க?"

ராத்தா வாளியில் கிடந்த சாரத்தைப் பிழிந்துகொண்டே, "வெயில் முன்னாலதானே வாப்பா விழுகிது," என்றாள். அவ்வளவுதான். சட்டை அங்கேயே காய்ந்தது. வாப்பா தேத்தண்ணியை வாசலில் ஊற்றிவிட்டு உள்ளே போனார். ஊரே அடங்கிப்போகும் மனிதர், ராத்தாவிடம் மட்டும் இப்படித்தான் தோற்பார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் வீடு மாறுவான். வீடு பெண்ணுக்கு எழுதப்படும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சானும் அப்படித்தான் இரண்டு சூட்கேசோடும் ஒரு ஹொக்கி ஸ்டிக்கோடும் வந்து சேர்ந்தார். மாப்பிள்ளை பார்க்கும்போது வாப்பா எல்லாவற்றையும் விசாரித்தார். குடும்பம், தொழில், தொழுகை, சிகரெட் குடிப்பாரா என்பது வரைக்கும். மாப்பிள்ளைதான் அடுத்த ஊர் அணியின் பின்வரிசையைக் காக்கும் புல் பேக் என்பதும், எங்கள் முன்வரிசை ஆட்கள் அவர் நிற்கிற பக்கம் பந்தைக் கொண்டுபோகத் தயங்குவார்கள் என்பதும் வாப்பாவுக்குத் தெரியாத சங்கதியல்ல. நல்ல பிள்ளை என்று தெரிந்த பிறகு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. சுற்றுப்போட்டி தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில் கல்யாணத்துக்குப் பின்னால் வந்து நிற்கும் என்று யார் கண்டது?

மச்சான் ஓடுகிற பேக் அல்ல. முன்வரிசை ஆள் பந்தோடு வந்தால் அவர் பாயமாட்டார், விழமாட்டார். வந்த விருந்தாளியைக் கேற்றுவரை கூட்டிக்கொண்டு போய் விடுகிற மாதிரி, பக்கத்திலேயே நடந்து, கோட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். பந்து எப்போது கைமாறியது என்று பந்தைக் கொண்டுவந்தவனுக்கே தெரியாது. அப்படிப்பட்டவர் ஒரே வீட்டில், எனக்கு எதிரே உட்கார்ந்து இடியப்பம் தின்றுகொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம், ஆனால் அந்தக் கிழமை முழுக்க வானிலையைப் பற்றி மட்டும்தான் கதைத்தோம்.

எங்கள் கழகத்தின் பெரிய அடிகாரர் அப்போதுதான் மருந்து விற்கும் பாமசி ஒன்று திறந்திருந்தார். ஊரில் எல்லாரும் அவரைப் பாமசிக்காரர் என்போம். அவர்தான் முதல் ஆலோசனையோடு வந்தார். வாப்பாவுக்கு வரிப்பத்தான்சேனையில் வயல் இருந்தது. "ஹாஜியார், நெல்லு வேளாம வெட்டுக் காலம். போட்டியண்டைக்கு மருமகன வயலுக்குக் கூட்டிட்டுப் போங்க. நீங்க கூப்பிட்டா மாட்டன் எண்டு சொல்லுவாரா?" என்றார். புதுமாப்பிள்ளை மாமனாரின் சொல்லைத் தட்டமாட்டார் என்பது உண்மைதான். இன்னொருவர் உம்மாவிடம், பகலைக்கு மருமகனுக்கு வயிறு நிறையப் பிரியாணி ஆக்கிக் குடுங்க, மிச்சத்தை நாங்க பார்த்துக்கொள்கிறோம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். வாப்பா இரண்டு நாளும் யோசித்தார். அவர் தலைவர், ஊர் பல வருடமாகக் காணாத கிண்ணம் அது.

போட்டியன்று வாப்பா வயலுக்குத் தனியாகத்தான் போனார், பகலைக்கு முன்னமே திரும்பியும் வந்தார். "அவர் கையெழுத்து வெச்சது அந்தக் கழகத்துக்கு. என்ட வீட்டுச் சோத்தக் காட்டி நான் மறிக்க ஏலாது," என்று வாசலில் காத்து நின்ற பாமசிக்காரரிடம் சொன்னார். உம்மா வெள்ளைச் சோறும் தேங்காய்ப்பாலில் மீன் பாலாணமும் ஆக்கினா, அதையும் அளவாகத்தான் போட்டா. மறுகை கேட்ட மச்சானிடம், "விளையாடிட்டு வந்து தின்னுங்க மகன்," என்று சட்டியை மூடினா. தோற்றால் உம்மாவின் சோற்றால் தோற்றார் என்று ஒரு கதை வரக்கூடாதாம். எங்கள் வீட்டுக் கேற்றால் முதலில் பச்சைச் சட்டையோடு நான் வெளியே போனேன், கொஞ்சம் பொறுத்து நீலச் சட்டையோடு மச்சான் வந்தார். ராத்தா இரண்டையும் ஒரே மாதிரித்தான் அயன் பண்ணியிருந்தாள்.

அந்தப் போட்டியில் நான் ஒரு கோல் விட்டேன். அதைப் பற்றி இங்கே விரிவாக எழுதுகிற எண்ணம் எனக்கு இல்லை. முடிய ஒரு நிமிடம்கூட இல்லாத நேரத்தில் எங்களுக்கு ஒரு ஷோர்ட் கோர்னர் கிடைத்தது. எதிரணிக் கோல் கோட்டிலிருந்து எங்கள் ஆள் ஒருவர் பந்தை வெளியே தள்ள, இன்னொருவர் அதை நிறுத்த, பாமசிக்காரர் ஓங்கி அடிப்பார். தடுக்கிறவர்கள் கோல் கோட்டுக்குப் பின்னால் நின்று, பந்து நகர்ந்த பிறகு ஓடிவர வேண்டும். அந்த அடிக்கு நேரே ஓடுவதற்கு ஒரு தனி நெஞ்சு வேண்டும். முகமூடி எல்லாம் நாங்கள் கண்ணால் காணாத காலம். மச்சான் ஓடினார். அதுவரை ஒரு நாளும் ஓடாத மனிதர் ஓடினார். அடி விழுந்த சத்தம் மறுமுனையில் நின்ற எனக்குக் கேட்டது. பிறகு மணல்தான் கிளம்பியது. மணல் அடங்கியபோது பந்து அவருடைய ஸ்டிக்கின் கீழே அசையாமல் கிடந்தது. அடித்த வேகத்தில் வந்த பாமசிக்காரர் அவருடைய முழங்கால்மேல் விழுந்து கிடந்தார். விசில் ஊதிவிட்டார்கள்.

நீலச் சட்டைக்காரர்கள் மச்சானைத் தோளில் தூக்கினார்கள். கிண்ணத்தோடு லொறியில் ஏற்றிய பிறகுதான் அவருடைய வீடு இப்போது இந்த ஊரில் இருக்கிறது என்பது அவர்களுக்கு ஞாபகம் வந்தது. லொறி எங்கள் கேற்றில் நின்றது, வீங்கிய முழங்காலோடு அவரை இறக்கிவிட்டது, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனது. தோற்றுப்போன எங்கள் அணி முழுக்க வளவுக்குள் நின்றது. ஊர் மாப்பிள்ளைக்குக் காயம் என்றால் வந்து பார்க்காமல் இருக்க முடியுமா? கடைசியாகப் பாமசிக்காரர் கடற்கரை மீன் வாடியிலிருந்து ஒரு பையில் ஐஸ் கொண்டுவந்தார். அதை முழங்காலில் வைத்துக் கட்டினார். மூன்று நாளைக்கு மச்சானின் கால் சூரை மீன் மணத்தது.

அடுத்த வருடம் மச்சான் பச்சைச் சட்டை போட்டார். எங்களோடு விளையாடிய வருடங்கள், அவர் பிறந்த ஊருக்கு விளையாடிய வருடங்களைவிட அதிகம். எனக்கு முன்னால் அவர் நின்ற காலத்தில் நான் நல்ல கோல் காப்பாளன் என்று பெயர் எடுத்தேன். பந்து என்னிடம் வந்தால்தானே பெயர் கெடும். ஆனாலும் மைக்கில் அறிவிக்கிறவர், "அடுத்த ஊர் மாப்பிள்ளை பந்தை எடுக்கிறார்," என்றுதான் கடைசிவரை சொன்னார். ஒருமுறை வயலிலிருந்து திரும்பும்போது இறக்காமத்துக் குளக்கட்டில் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டிக் கைகால் கழுவினோம். அவருடைய உம்மா மௌத்தாகி அடக்கமும் முடிந்து, பிறந்த வீடு தங்கச்சிக்குப் போயிருந்த சமயம். முகத்தைத் துடைத்துக்கொண்டே, "அங்க போனா விருந்தாளி. இஞ்ச இருந்தா மாப்பிள்ளை. நான் எந்த ஊராள் மச்சான்?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் குளத்து மீனைப் பற்றி ஏதோ சொன்னேன்.

இப்போது நாங்கள் யாரும் விளையாடுவதில்லை, கதைப்பதோடு சரி. மைதானத்துக்கு எதிரே ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கிறது. பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்தால், பொழுதுபடும் மஃரிப் வரைக்கும் அங்கே ஒரே வழக்குத்தான்: எங்கள் கழகத்தில் இதுவரை விளையாடிய பேக்குகளில் யார் பெரியவர்? ஒரு கட்சிக்குத் தபால்காரர். வெறுங்காலோடு விளையாடியவர், இந்த ஊரில் பிறந்து இந்த ஊரில் மௌத்தானவர். மற்றக் கட்சிக்கு மச்சான். மேசையில் கிளாசுகளை ஆட்களாக அடுக்கி, சீனிப் போத்தலைக் கோலாக வைத்து, அந்தப் பழைய ஷோர்ட் கோர்னரைத் திரும்பத் திரும்ப விளையாடுவோம். கிளாஸ் போதாமல் கடைக்காரர் சத்தம் போடுவார். மச்சானும் அங்கேதான் இருப்பார். அவர் முன்னிலையிலேயே, அவர் இல்லாததுபோல அவரைப் பற்றி வாதாடுவோம். அவரோ எப்போதும் தபால்காரரின் கட்சி.

இந்த வழக்கில் ஒரு முடிச்சு இருந்தது, அதைப் பாமசிக்காரர்தான் இறுக்கிப் பிடித்திருந்தார். "இந்த மைதானத்தில ஒரு பேக் விளையாடின ஆகத் திறமான ஆட்டம் அதுதான். ஓம், ஒத்துக்கொள்றன். ஆனா அது எங்களுக்கு எதிரா விளையாடின ஆட்டம். அத எப்பிடி எங்கட கணக்கில சேக்கிற? அவர் அடுத்த ஊராள்." அதோடு அன்றைய வழக்கு முடிந்துவிடும். மச்சான் அந்த இடத்தில் மட்டும் கிளாசுக்குள் பார்ப்பார். குளக்கட்டில் கேட்ட கேள்வி எனக்கு ஒவ்வொரு முறையும் ஞாபகம் வரும்.

போன வருடம் மைதானத்தைத் திருத்தினார்கள். சுனாமியில் கடல் வந்தபோது அள்ளிக்கொண்டு போன கோல் கம்பங்களுக்குப் பதிலாக அப்போது அவசரத்துக்கு நட்டவை இவ்வளவு காலமும் நின்றன. அவற்றைப் பிடுங்கிப் புதிதாகப் போட்டார்கள். திறப்பு விழாவில் கழகத்தின் ஆகச் சிறந்த பேக்குக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும், பழைய ஆட்கள் எல்லாரும் ஒரு பெயரைச் சொல்லுங்கள் என்று இளைய நிர்வாகம் கேட்டது. தேத்தண்ணிக் கடை பற்றி எரிந்தது. மச்சான் தன் வழக்கப்படி, "தபால்காரர்ர மகன்ட தோளில போடுங்க, அதுதான் முறை," என்றார். அதைச் சொல்லும்போது அவருடைய குரல் கொஞ்சம் வேகமாக இருந்தது. வேண்டாம் என்று மற்றவர்கள் சொல்லும் முன் தானே சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம் அது. எனக்கு நெஞ்சு நொந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பாமசிக்காரர் மேசையில் அடுக்கியிருந்த கிளாசுகளில் ஒன்றை எடுத்தார். அது மச்சானின் கிளாஸ்.

"அண்டைக்கு அடிச்ச மாதிரி ஒரு அடி நான் மறுகா அடிக்கவேயில்ல," என்றார். "அத நிப்பாட்டினவர் அடுத்த ஊராள் எண்டா, நான் அடுத்த ஊரானிட்டத் தோத்தவன். எங்கட ஊராள் எண்டா அது வீட்டுக்குள்ள நடந்த சங்கதி. வெளியாக்களுக்கு அதில என்ன வேல? இவ்வளவு காலமும் தோத்தவனா இருந்து எனக்குக் களைச்சிப் போச்சி. எங்கட ஆள் எண்டே எழுதுங்க." கிளாசைக் கொண்டுபோய்ச் சீனிப் போத்தலுக்கு முன்னால், எங்கள் பக்கத்துக் கிளாசுகளோடு வைத்தார். மச்சான் எழுந்து கை கழுவப் போனார். தேத்தண்ணி குடித்தவர் கை கழுவ எதற்குப் போனார் என்று யாரும் கேட்கவில்லை.

விழாவுக்கு அடுத்த ஊரிலிருந்தும் ஆட்கள் மூன்று சக்கர வண்டிகளில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். பொன்னாடை என்று கேள்விப்பட்டதும் அவர் தங்கள் ஊர் பேக் என்பது அவர்களுக்குத் திடீரென்று ஞாபகம் வந்துவிட்டது. மைக்கைப் பாமசிக்காரர் வாங்கினார். "எங்கட ஊர் பேக், மேடைக்கு வரட்டும்," என்றார். மச்சான் உடனே எழும்பவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் பக்கத்துக் கதிரையைப் பார்த்தார். நான்தான் முழங்கையால் இடித்தேன். பெண்கள் பக்கத்தில் ராத்தா கை தட்டாமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்; அவள் இதை எப்போதோ முடிவு செய்துவிட்டவள்.

மறுநாள் காலை வழக்கம்போல ராத்தா வீட்டுக்குப் போனேன். நான் பிறந்த வீடு அது. நான் கல்யாணம் முடித்துக் கடற்கரைப் பக்கம் மனைவி வீட்டில் இருக்கிறேன். ஆகவே பிறந்த வீட்டில் நான் விருந்தாளி, மச்சான்தான் வீட்டுக்காரர். அந்தக் கணக்கில் எனக்கு ஒரு குறையும் இல்லை, தேத்தண்ணி சூடாகக் கிடைக்கிறது. விழாவுக்கு மச்சானின் பச்சைச் சட்டையைத் தேடி அலுமாரியைக் கிளறியபோது அடியில் கற்பூர உருண்டைகளோடு நீலச் சட்டையும் அகப்பட்டதாம். ராத்தா அதைத் துவைத்து எடுத்துவந்து, முன்வளவுக் கொடியில், பச்சைச் சட்டைக்குப் பக்கத்தில் விரித்துக்கொண்டிருந்தாள். நீலம் வெளுத்து வானத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. தெருவால் ஒருவர் மோட்டார் சைக்கிளை மெதுவாக்கி எட்டிப் பார்த்தார். மச்சான் பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார், தெருவைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார்.

"இஞ்ச பாரு, அதப் பின்னால காயப்போடு," என்றார் தணிந்த குரலில். "எங்கட ஊராக்கள் பாத்தா என்ன நினைப்பாங்க?"

ராத்தா என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். பிறகு அவள் வாளியிலிருந்து இன்னொரு கவ்வியை எடுத்து நீலச் சட்டையின் தோளில் குத்தினாள்.

"வெயில் முன்னாலதான் விழுகிது," என்றாள்.