அப்பாவும் வரவேண்டிய நேர்முகம்

அன்று காலை தங்கச்சியைப் பாடசாலையில் சேர்க்கும் நேர்முகத்துக்கு அம்மா, தங்கச்சி, நான் மூவரும் போயிருந்தோம். அப்பா வரவில்லை. "அங்க என்னட்டக் கேள்வி கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல? நீ படிச்சனி, நீ போ" என்று முதல் நாளே ஒதுங்கிவிட்டார்.

திருகோணமலை நகரின் அந்தப் பாடசாலையில், கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான சிறப்பு வகுப்பில், நானும் படித்தவன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவனும் நான்தான். என் காலத்தில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் இடம் நிச்சயம். பிறகு பாடசாலையே தனியாக ஒரு பரீட்சை வைத்தது. இப்போது அதுவும் போதாது, தாயும் தகப்பனும் வந்து பேசவேண்டும். ரியூஷனால் புள்ளி எடுத்துவிட்டுப் பாதியில் சோர்ந்துபோகிற பிள்ளைகள் கூடிவிட்டார்களாம். வீட்டின் ஆதரவைப் பார்க்கவேண்டுமாம்.

தங்கச்சி இரண்டு பரீட்சையிலும் தேறியிருந்தாள்.

"தகப்பன் எங்க?" என்றார் அதிபர்.

"இறக்கக்கண்டிக் கடற்கரையில வலை இழுக்கிறார், சேர். நான் அண்ணா. நானும் இஞ்சதான் படிச்சனான்."

"சந்தோஷம் தம்பி. ஆனா அண்ணாவைக் கணக்கில எடுக்க ஏலாது. மத்தியானத்துக்குள்ள அவர் வரட்டும். இல்லாட்டி இடத்தை அடுத்த பிள்ளைக்குக் குடுக்கவேணும்."

அப்பா கரைக்குப் போனைக் கொண்டுபோவதில்லை. ஓட்டோ பிடித்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது, ஆட்கள் வரிசையாக நின்று கயிற்றில் இழுக்கும் கரைவலை பாதி கரையேறியிருந்தது.

"அப்பா, நீங்கள் வராட்டில் அவளுக்கு இடமில்லை."

"போ மச்சான், உன்னையும் ஆறாம் வகுப்பில சேர்ப்பினம்" என்று அப்பாவுக்குப் பின்னால் கயிறு பிடித்து நின்றவர் சிரித்தார். அப்பா கயிற்றை விட்டார்.

பாடசாலை வாசலில் அம்மா மெதுவாகச் சொன்னார்: "கேட்டா, எட்டாம் வகுப்பு வரை படிச்சனான் எண்டு சொல்லுங்கோ."

"சேட்டிபிக்கட் கேட்டா நீ தருவியோ?"

உள்ளே அதிபர், "வீட்டில ஆர் படிப்பிக்கிறது?" என்று கேட்டார்.

"இவன்தான், சேர். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது."

"அப்ப நீங்கள் என்ன செய்வீங்கள்?"

"அவள் படிச்சு முடியுமட்டும் ரீவி போட விடமாட்டன். எனக்குக் கிரிக்கெட் எண்டா உயிர், சேர்."

பக்கத்திலிருந்த ரீச்சர் சிரித்துவிட்டார். தங்கச்சிக்கு இடம் கிடைத்தது.

எனக்கு அது போதவில்லை. அடுத்த முறை இந்த நேர்முகத்தை, வேலைக்குப் போகிறவர்களும் வரக்கூடிய மாலை நேரத்தில் வைக்கவேண்டும் என்று பழைய மாணவனாகக் கேட்கப்போகிறேன். ஒருமுறை மறுத்தால் மறுபடியும் போவேன். ஓட்டோக் கூலி எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகாது.

அன்று வலையில் நல்ல மீன். பாதியில் போனதால் அப்பாவுக்குப் பங்கு இல்லை. அந்தப் பங்கையும் ஓட்டோக் கூலியையும் சேர்த்தால் எங்களுக்கு நட்டம் ஒன்பதாயிரத்து இருநூறு ரூபாய்.