கேட்டவளுக்குப் பதில் சொன்னேன்

"அண்ணன் போயி வருஷம் திரும்பல, அதுக்குள்ள உங்களுக்கு நாடகம் கேக்குதா அண்ணி?" என்றான் கொழுந்தன். "போனா அப்படியே அடி அண்ணாமலைக்கு, உங்கம்மா வூட்டுக்குப் போயிடுங்க. இங்க வராதீங்க."

நாடகம் ஒரு சாக்கு. என் கணவர் இறந்த நாளிலிருந்தே என்னை வீட்டைவிட்டுக் கிளப்ப வேண்டும் அவனுக்கு. நான் இருந்த முன்னறையை இடித்துக் கடை கட்டி, கிரிவலக் கூட்டத்தை நம்பி வாடகைக்கு விட ஆசை. வீட்டில் பாதி என் கணவருடையது. நானாகப் போய்விட்டால் அவனுக்குத் தொல்லையில்லை. நான் போகிற ஆளா? கீழ்பென்னாத்தூர் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஏற்கெனவே டிக்கெட் வாங்கி வைத்திருந்தார். பச்சைப் புடவை கட்டிக்கொண்டு அவன் கண் முன்னாலேயே கிளம்பினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சென்னையிலிருந்து வந்த குழு. நடிப்புதான் அவர்களுக்குப் பிழைப்பு. ஒரு கல்யாண மண்டபத்தில் மேடை போட்டிருந்தார்கள். சின்ன வயதில் ஊரில் கூத்து பார்த்தவள்தான் நான். காசு கொடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து நாடகம் பார்ப்பது அதுவே முதல் தடவை. விளக்கு அணைந்ததும் மண்டபம் கப்சிப் என்று ஆனது. எனக்கு அது பிடிக்கவேயில்லை. எங்கள் கூத்தில் கோமாளி ஒன்று கேட்டால் கூட்டம் பதில் சொல்லும். சொல்லாவிட்டால் அவன் விடமாட்டான்.

கதையில் ஒரு பெண்ணைப் புகுந்த வீட்டார் வெளியே போகச் சொல்கிறார்கள். அவள் எங்கள் பக்கம் திரும்பி, "நான் எங்கே போவேன்? சொல்லுங்களேன்" என்றாள். கேட்டால் சொல்ல வேண்டாமா?

"எங்கயும் போவாதம்மா! அது உன் வூடு!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. டீச்சர் என் கையைக் கிள்ளினார். முன்வரிசைப் பெரியவர், "ஏம்மா, இது இன்னா தெருக்கூத்தா? கம்முனு உக்காரு" என்றார்.

"அவங்க கேட்டாங்க, நான் சொன்னேன். உங்களுக்கு இன்னா?" என்றேன். யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

நடிகை ஒரு கணம் நான் இருந்த பக்கம் பார்த்தாள். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். கதை அப்படித்தானாம். எல்லாரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. அத்தனை சொல்லியும் போனாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீடு திரும்பும்போது பயமாகத்தான் இருந்தது. பயந்தபடியே ஆகியிருந்தது. என் டிரங்குப் பெட்டி தெருவில் கிடந்தது. எதிர்வீட்டு ஜனங்கள் வேடிக்கை பார்க்க வாசலுக்கு வந்துவிட்டார்கள். கொழுந்தன் படியில் நின்றிருந்தான்.

"சொன்னேன் இல்ல அண்ணி?"

நான் குனிந்து பெட்டியைத் தூக்கினேன். அவன் முகம் தெளிந்துவிட்டது. படியிறங்கி வந்து, "ஆட்டோ கூப்பிடட்டா?" என்றான்.

"கூப்பிடுப்பா. நீ ஏறிப் போ."

அவனைத் தாண்டிப் படியேறினேன். பெட்டி கனத்தது, ஆனாலும் கீழே வைக்கவில்லை. முன்னறைக்குள் போய் அது எப்போதும் இருந்த இடத்தில் வைத்தேன். அதற்கப்புறம் அவன் எத்தனையோ சண்டை போட்டான், பேச்சை நிறுத்தினான், பஞ்சாயத்து கூட்டினான்.

இதை அந்த முன்னறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.