நடையில் கண்ட ஈரம்

புத்தளம் பக்கத்துத் தில்லையடியில் அந்த வீட்டில் அஸீஸாவுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, அங்கே இருப்பதுதான். தனக்கு மட்டும் சமைத்தால் போதும். தான் நடமாடும் இடத்தை மட்டும் கூட்டினால் போதும். வீட்டுக்காரர் ஹுனைஸும் அவருடைய மனைவி அமானியும் கத்தாரில் இருந்தார்கள். புத்தளம் நகரில் சீமெந்துக் கடை வைத்திருக்கும் ஹுனைஸின் மூத்த சகோதரர் பதியுதீன்தான் வீட்டுத் திறப்பைக் கொடுத்தார். கொடுத்த அன்றே வீட்டின் காப்புறுதிப் பத்திரத்தையும் மேசையில் விரித்துக் காட்டினார்.

"பேங்க் லோன் முடியும்வரைக்கும் இந்த இன்சூரன்ஸ் இருக்கோணும். இதில ஒரு நிபந்தனை போட்டிருக்காங்க. முப்பது நாளுக்கு மேல ஆளில்லாம வீடு கிடந்தா, களவு போனாலும் பைப் வெடிச்சாலும் ஒண்டும் தரமாட்டாங்க. அதுக்குத்தான் நீங்க."

"ஒரு ஆள் இருந்தாப் போதுமா நானா?"

"ஆள் எண்டா ஆள்தானே. எத்தின பேர் எண்டு அதில இல்ல."

அஸீஸாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கணவர் உப்பளத்தில் வேலை செய்தவர், நெஞ்சுவலியில் மௌத்தாகி ஏழு வருடம். பிள்ளைகள் இல்லை. கரைத்தீவில் தம்பி றவூபின் வீட்டில், அவருடைய நாலு பெண்பிள்ளைகளுக்கு நடுவே ஒரு பாய் விரிக்கும் இடம் அவளுக்கு இருந்தது. அவள் பிறந்தது மன்னாரில். தொண்ணூறில் அங்கிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் இயக்கக்காரர் வெளியேறச் சொன்னபோது அவளுக்குப் பதினொரு வயது. அரிசி ஊறப்போட்ட சட்டி குசினியில் அப்படியே இருக்க, வாப்பா கதவைப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பூட்டிய வீட்டுக்குள் அதன்பிறகு என்ன நடந்திருக்கும் என்று சின்ன வயதில் அவள் நிறைய யோசித்ததுண்டு. பதியுதீன் முப்பது நாள் என்று சொன்னபோது அவள் மனம் முதலில் போனது அந்த வீட்டுக்குத்தான். முப்பதாம் நாள் அதற்குள் யார் இருந்தார்கள்?

அமானி அன்று மாலை தொலைபேசியில் பேசினாள். குரல் தாழ்ந்திருந்தது.

"ராத்தா, எல்லா இடமும் உங்கட வீடு மாதிரிப் பாவிங்க. பின்பக்கத்துச் சின்ன அறையில மட்டும் ஒண்டையும் எடுத்து வைக்க வேணாம். வெள்ளிக்கிழமையில சன்னலத் திறந்து வைங்க. பின்னேரம் அஸருக்குப் பிறகு சாத்துங்க."

அந்த அறை அவர்களுடைய ஒரே மகள் அப்ராவுடையது. மூன்று வருடத்துக்கு முன், பள்ளிக்கூட விடுமுறையில், கற்பிட்டிப் பக்கம் கடல் பார்க்கப் போன இடத்தில் பிள்ளையை அலை எடுத்துவிட்டது. ஆறு வயது. நாற்பதாம் நாள் கத்தம் முடிந்த கையோடு ஹுனைஸ் மனைவியைக் கூட்டிக்கொண்டு வெளிநாடு போய்விட்டார். வீட்டை விற்கவும் அமானி விடவில்லை, வாடகைக்குக் கொடுக்கவும் விடவில்லை. அறையில் பிள்ளையின் அலுமாரி, கட்டில், பாதி நிறம் தீட்டிய ஒரு மீன் படம் எல்லாம் இருந்தன.

முதல் இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அஸீஸா நண்பகலில் லுஹர் தொழுதுவிட்டு, கிணற்று மோட்டாரைப் போட்டு மேலே தண்ணீர்த் தாங்கியை நிரப்புவாள். பிறகு சாப்பிட்டு, முன்கூடத்தில் சற்றுச் சரிந்து படுப்பாள். பகல் வெயிலில் தெருவே அடங்கிக் கிடக்கும் நேரம் அது.

மூன்றாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, படுத்து எழும்பி முகம் கழுவப் போனவள் நடையில் நின்றுவிட்டாள். குளியலறையிலிருந்து பின் அறைக்குப் போகும் அந்த ஒடுங்கிய நடையின் தரையில் ஈரம் இருந்தது. தண்ணீர் சிந்தினால் ஒரே தேக்கமாக இருக்கும். இது விட்டு விட்டு இருந்தது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, மறுபடி இடப்பக்கம். ஐந்து இடம். ஐந்தாவது, பின் அறைக் கதவுக்கு ஒரு முழம் முன்னால் முடிந்திருந்தது.

அவள் குந்தியிருந்து தன் கையை விரித்துப் பார்த்தாள். ஒவ்வொன்றும் ஒரு சாண்கூட இல்லை.

குளியலறை காய்ந்திருந்தது. அவள் காலையில்தான் குளித்திருந்தாள். வாசல் கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது. அஸீஸா காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸியை ஓதினாள். பிறகு துணி எடுத்துவந்து துடைத்தாள். ஒரு வாரம் ஒன்றுமில்லை. பிறகு வந்தது. அதன்பின் இரண்டு நாளைக்கு ஒருதரம், பிறகு தினமும். எப்போதும் பகல் மூன்று மணிக்குக் கிட்டவே வந்தது.

யாரிடம் சொல்வது? மௌத்தானவர்களின் றூஹ் திரும்பி வராது என்று அவளுக்குத் தெரியும். மௌலவியிடம் போனால் அதைத்தான் சொல்வார், ஜின்னாக இருக்கலாம், ஓதிப் பார்ப்போம் என்பார். ஓதி விரட்டுவார்கள். விரட்ட வேண்டிய எதுவும் அங்கே இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. பதியுதீனிடம் சொன்னால் தலை பிசகியவள் என்று வேறு ஆள் பார்ப்பார். அமானியிடம் எப்படிச் சொல்ல? வாரத்துக்கு ஒருதரம் தொலைபேசி எடுத்து, "வீடு எப்படி ராத்தா?" என்று மட்டும் கேட்கிறவள் அவள். "நல்லாருக்கு" என்று அஸீஸா சொன்னதும் கொஞ்ச நேரம் மறுமுனையில் ஒன்றும் கேட்காது. பிறகு வைத்துவிடுவாள்.

பயம் ஒரு மாதத்தில் போய்விட்டது. பயம் போன இடத்தில் வேறொன்று வந்தது. மூன்று மணிக்கு அவள் படுப்பதை நிறுத்திவிட்டாள். முன்கூடத்துக் கதிரையில், நடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். திரும்பிப் பார்த்தால் பிள்ளை வெட்கப்படும் என்பதுபோல. ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டாள்: "காலத் துடைச்சிட்டுப் போ மகள், வழுக்கும்." சொன்ன பிறகு தன் குரலைக் கேட்டு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் மறுநாள் குளியலறை வாசலில் ஒரு பழைய துவாயை மடித்துப் போட்டு வைத்தாள். துவாயும் ஓரத்தில் நனைந்தே இருந்தது.

இப்படி ஒன்பது மாதம்.

ஐப்பசி மழை தொடங்கியிருந்த ஒரு நாள். மோட்டாரைப் போட்டுவிட்டு அவள் குசினியில் கறி இறக்கிக்கொண்டிருந்தாள். நடைப்பக்கமிருந்து ஏதோ முறிவதுபோல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் நடையின் டைல்ஸ் உடைந்து கீழே இறங்கியிருந்தது. குழிக்குள் மண்ணைக் கரைத்துக்கொண்டு தண்ணீர் பீறிட்டது. அப்ராவின் அறைச் சுவர் நிலத்திலிருந்து மேல்வரை வெடித்துவிட்டது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறைக்குள் அலுமாரி சரிந்து கட்டிலின்மேல் விழுந்தது. மோட்டாரை நிறுத்த வேண்டும் என்பதே அவளுக்குச் சற்றுப் பிந்தித்தான் தோன்றியது.

பதியுதீன் உடனே வந்தார். குழியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "நல்லகாலம், இன்சூரன்ஸ் இருக்கு. பைப் வெடிச்சா அதுக்குக் காப்பு இருக்கு. நான் வாசிச்சனான்."

இழப்பை மதிப்பிடக் காப்புறுதிக் கம்பனி அனுப்பிய ஹாசிம் என்பவர் மூன்றாம் நாள் வந்தார். நாற்பது வயதிருக்கும், சாந்தமான ஆள். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, குழிக்குள் இறங்கி, உடைந்த குழாயைக் கையால் தடவிப் பார்த்தார். படம் எடுத்தார். பிறகு முன்கூடத்தில் உட்கார்ந்து பத்திரத்தைத் திறந்தார். அவர் வருவதற்கு முன்பே பதியுதீன் அஸீஸாவை ஒருபக்கம் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "கேட்டா, அண்டைக்குத்தான் முதல் முதல் தண்ணியக் கண்ட எண்டு சொல்லுங்க. வேற ஒண்டும் கதைக்க வேணாம்."

ஹாசிம் கேட்டார்: "ராத்தா, மோட்டார் எத்தின மணிக்குப் போடுவீங்க?"

"லுஹர் தொழுதிட்டு."

"இந்த நடைக்குக் கீழாலதான் மேல தாங்கிக்குத் தண்ணி ஏறுற பைப் போகுது. மோட்டார் ஓடுறபோது மட்டும்தான் இதில அழுத்தம். கீறல் இருந்தா அப்பத்தான் கசியும். மேல வாறதுக்கு ஒரு மணித்தியாலம், ரெண்டு மணித்தியாலம் எடுக்கும். டைல்ஸ் மூட்டால விட்டு விட்டுத்தான் வரும்." பேனையைத் திறந்தார். "இதுக்கு முன்னால இந்த இடத்தில ஈரம் கண்டிருக்கீங்களா?"

அஸீஸா மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். லுஹருக்கு மோட்டார். மூன்று மணிக்கு ஈரம். டைல்ஸின் மூட்டு. எல்லாம் சரியாக இருந்தது. அவள் நடைப்பக்கம் பார்த்தாள். மூன்று மணிக்கெல்லாம் முதுகைக் காட்டியே இருந்தவள் இப்போது நேராகப் பார்த்தாள்.

பதியுதீன் தொண்டையைச் செருமினார்.

கம்பனிக்குப் பொய் சொல்ல அவளுக்குப் பெரிய தயக்கம் இருக்கவில்லை என்று பின்னாளில் அவளே சொன்னாள். வாய்வரை வந்ததாம். ஆனால் 'ஒன்றும் காணவில்லை' என்று சொல்வது, கம்பனியைப் பார்த்துச் சொல்வதாக இல்லை. தினமும் வந்த ஒரு பிள்ளையைப் பார்த்து, நீ வரவே இல்லை என்று சொல்வதாக இருந்தது.

"கண்டிருக்கன் சேர்," என்றாள். "ஒம்பது மாசம். ஒவ்வொரு நாளும் துடைச்சனான்."

"யாருக்காவது சொன்னீங்களா?"

"இல்ல."

"ஏன் ராத்தா?"

அவள் சொன்னாள். ஐந்து இடம், ஒரு சாண் அளவு, கதவடியில் நின்றது, வழுக்கும் என்று சொன்னது, துவாய் போட்டது, எல்லாவற்றையும். ஹாசிம் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பதியுதீன் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார். அவள் முடித்ததும் ஹாசிம் மறுபடி பேனையை எடுத்தார். பிறகு ஒரேயொரு வரி எழுதினார். அவள் எட்டிப் பார்த்தாள். 'ஒன்பது மாதமாக ஈரக்கசிவு அவதானிக்கப்பட்டுள்ளது' என்றிருந்தது.

"மத்தது எழுத இதில இடமில்ல," என்றார் மெதுவாக.

பத்திரத்தை அவள் பக்கம் திருப்பி வைத்து, விரலால் தொட்டுக் காட்டினார். முன்பக்கத்தில் காப்பு எதற்கெல்லாம் உண்டு என்ற பட்டியல்: தீ, இடி, புயல், வெள்ளம், களவு, குழாய் வெடித்தல். மூன்று பக்கம் தள்ளி, இன்னும் சின்ன எழுத்தில், விலக்குகள்: தேய்மானம், ஈரப்பதம், சிறுகச் சிறுக ஏற்படும் கசிவு.

"திடீரெண்டு வெடிச்சா அவங்க பொறுப்பு. கொஞ்சம் கொஞ்சமாக் கசிஞ்சா வீட்டுக்காரர்ர பராமரிப்பு. கடைசியில உடைஞ்சது திடீரெண்டுதான். ஆனா காரணம் பழசு. பைப் கீறலில சுண்ணாம்பு படிஞ்சிருக்கு, நீங்க சொல்லாட்டியும் அது சொல்லியிருக்கும். அதோட, சேதம் எதையும் கண்ட உடனே அறிவிக்கோணும், கூடாம இருக்கப் பார்த்துக்கொள்ளோணும் எண்டும் நிபந்தனை இருக்கு. வீட்டுக்காரருக்காக இருக்கிற ஆள் கண்டா, அவர் கண்ட கணக்குத்தான்."

"முதல் நாளே சொல்லியிருந்தா?"

"ஒரு மூட்டு மாத்தியிருப்பீங்க. அரை நாள் வேலை."

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. கோரிக்கை ஏற்கப்படவில்லை. ஹுனைஸ் கத்தாரிலிருந்து எடுத்துக் கத்தினார். காவலுக்கு வைத்த ஆளே வீட்டைத் தின்றுவிட்டாள் என்றார். அஸீஸா கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஓய்ந்ததும் தொலைபேசி கைமாறியது.

"ராத்தா." அமானியின் குரல். "பதியுதீன் மச்சான் சொன்னது மெய்தானா? கால்தடம் மாதிரியா இருந்த?"

"ஓம் தங்கச்சி. ஆனா அது பைப் எண்டு அவர் விளக்கமாச் சொன்னார்..."

"பைப் எண்டு இப்பதானே தெரியும். ஒம்பது மாசம் உங்களுக்கு அது பைப் இல்லையே." அமானி அழவில்லை. "ஒவ்வொரு கிழமையும் எடுத்தன். வீடு எப்படி, வீடு எப்படி எண்டு கேட்டன். நான் வீட்டையா கேட்ட? ஒருதரம் சொல்லியிருக்கலாமே."

சுவரையும் அலுமாரியையும்விட இந்த ஒரு வார்த்தைதான் அஸீஸாவைப் போட்டு உலுக்கியது.

அமானி தனியாக வந்து இறங்கியது மாசி மாதத்தில். அதற்குள் மேசன் வந்து நடையைப் பூசிவிட்டார், புதுக் குழாய் வெளிச்சுவரோடு ஏறிப் போனது. பயணப் பையைக்கூட உள்ளே எடுத்து வைக்காமல், "எந்த இடம்?" என்று கேட்டாள். அஸீஸா ஒவ்வொன்றாகக் காட்டினாள். புதுத் தரையில் அடையாளம் ஒன்றுமில்லை, ஆனாலும் அவளுக்கு இடம் தவறவில்லை. அமானி செருப்பைக் கழற்றிவிட்டு, குளியலறை வாசலிலிருந்து ஐந்து அடி வைத்து நடந்தாள். பெரியவளின் எட்டுக்கு அது நெருக்கமாக இருந்தது. ஐந்தாவதில் அப்படியே நிலத்தில் உட்கார்ந்தாள். அஸர் பாங்கு சொல்லி, வெயில் சுவரைவிட்டு இறங்கும்வரை எழும்பவில்லை. அஸீஸாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "வழுக்கும் எண்டு சொன்னீங்களாமே" என்று ஒருதரம் கேட்டாள் அமானி. அஸீஸா தலையாட்டினாள்.

இரண்டு வாரம் அவர்கள் ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டார்கள். உடைந்த அலுமாரியிலிருந்து பிள்ளையின் உடுப்புகளை எடுத்துத் துவைத்து, மடித்து, கரைத்தீவில் றவூபின் கடைசி மகளுக்கு அளவு பார்த்து அமானியே கொடுத்தனுப்பினாள். அவள் திரும்பிப் போகவில்லை. ஹுனைஸ் அங்கே, அவள் இங்கே என்றாயிற்று. வீட்டில் ஆளிருக்கிறபடியால் அஸீஸாவுக்கு அங்கே வேலை முடிந்தது.

அந்த வருடமே குறிஞ்சிப்பிட்டியில் இன்னொரு வீடு கிடைத்தது. யூஜீனியா என்ற பெண்ணும் குடும்பமும் இத்தாலியில். அஸீஸா முதலில் கேட்டது காப்புறுதிப் பத்திரத்தைத்தான். விலக்குகளிலிருந்து தொடங்கி, விரல் வைத்து, ஒரு பகல் முழுக்க வாசித்தாள். ஓட்டில் ஒரு விரிசல், மின்பெட்டியில் துரு, கதவடியில் கறையான் என்று கண்டதையெல்லாம் முதல் வாரமே படமெடுத்து அனுப்பினாள்.

"அக்கா, எங்கட வீட்டில இவ்வளவு நோய் வருத்தம் இருக்கெண்டு எங்களுக்கே தெரியாது," என்று யூஜீனியா சிரித்தாள்.

நல்ல வீடு. காற்றோட்டமானது. பகலில் தூரத்துக் கடல் கேட்கும். மூன்று மணிக்கு அஸீஸா கதிரையைப் போட்டு உட்காருவாள். தரை காய்ந்திருக்கும். எழும்பி அறை அறையாகப் போய்ப் பார்ப்பாள். எல்லாம் காய்ந்திருக்கும். யாரும் எதையும் விட்டுப் போகாத அறைகள். பல் துலக்கும்போதும் சோறு வடிக்கும்போதும் தான் எழுப்பும் சத்தம் மட்டுமே அவளுக்குக் கேட்டது.

இருபத்தாறாம் நாள், முழங்கால் நோகிறது, படி ஏற முடியவில்லை, வேறு ஆள் பாருங்கள் என்று சொல்லிவிட்டுத் திறப்பைக் கொடுத்தாள். முழங்காலுக்கு ஒன்றுமில்லை. இப்போது கரைத்தீவில் தம்பி வீட்டிலிருந்தபடி மிளகாயில் நல்லது கெட்டது தெரிந்து பிரித்துக் கொடுக்கும் கூலிவேலைக்குப் போகிறாள். அங்கே பத்துப் பெண்கள் ஒரே நேரத்தில் கதைப்பார்கள். மாதத்தில் ஒருநாள் அவளைத் தில்லையடிக்குக் கூட்டிவர அமானி ஓட்டோ அனுப்புவாள்.